நினைவை யாரிடம் ஒப்படைப்பது?

குடும்ப நினைவுகளைத் தொகுத்துக் காத்துத் தருவதாகக் கூறும் நிலையங்கள் இக்காலத்தில் பலவாகப் பெருகி வருகின்றன. முதியோரைப் பேச வைத்து ஒலிப்பதிவு செய்வார் உளர். பழைய நிழற்படங்களையும் கடிதங்களையும் மின்படிகளாக மாற்றித் தருவார் உளர். வாரம் ஒரு கேள்வியை அனுப்பி, ஆண்டின் முடிவில் விடைகளையெல்லாம் ஒரு நூலாகக் கட்டித் தருவாரும் உளர். பெற்றோர் மூப்படைவதைக் காணும் பிள்ளைகள், இவற்றுள் ஒன்றைப் பணம் கொடுத்து அமர்த்தலாமா என்று எண்ணுகின்றனர். எதனை அமர்த்துவது என்பது கடைத்தெருவில் பொருள் தேர்வது போன்றதொரு விஷயமாகவே முதலில் தோன்றும். சிறிது ஆழ்ந்து நோக்கின், இதனுள் ஓர் அறக்கேள்வி அடங்கியிருப்பது புலனாகும். ஒருவருடைய வாழ்க்கை நினைவு யாருக்கு உரியது? அதனைக் கேட்கவும், எழுதவும், வைத்துக்கொள்ளவும், பிறருக்குக் காட்டவும் யாருக்கு உரிமையுண்டு? இவற்றை ஆராயாது விலையை மட்டும் விசாரிப்பவன், வீட்டுச் சாவியை ஒருவன் கையில் கொடுத்துவிட்டு, அவன் யார் என்று பின்னர்க் கேட்பவனை ஒப்பான்.

இக்கேள்வி எல்லா ஊரார்க்கும் பொதுவாயினும், நீலாய் வட்டாரத் தமிழர்க்கு இது மிக நெருங்கியதாகும். சிரம்பானை அடுத்து, இரயில் பாதையை ஒட்டி அமைந்த இவ்வூரைச் சுற்றி ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்களே பரந்திருந்தன. 1990ஆம் ஆண்டுகளிலிருந்து அங்கே புதிய நகரமும், தொழிற்பேட்டைகளும், கல்லூரிகளும், மொத்த வியாபாரக் கடைத் தொகுதிகளும் எழுந்தன. 1998இல் அருகிலுள்ள சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. பால் மரங்கள் வீழ்ந்தன, லயங்கள் இடிந்தன, பெரட்டுக் களம் இருந்த இடத்தில் சாலை வளைந்து செல்கின்றது. பல இடங்களில் தோட்டத்தின் பெயர் ஒரு தமிழ்ப் பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டுமே எஞ்சி நிற்கின்றது. வளர்ச்சியை நாம் வெறுப்போமல்லோம். லயத்து வாழ்வில் பாராட்டத்தக்கன மிகச் சிலவே என்பதை அங்கு வாழ்ந்தோர் அறிவர். ஆயினும் அங்கே மூன்று தலைமுறையினர் பிறந்தனர், உழைத்தனர், மடிந்தனர். அவர்தம் வாழ்வுக்குச் சான்று கூற நிலத்தில் ஒரு கல்லும் இல்லை. சான்று முழுவதும் எண்பதும் தொண்ணூறும் கடந்த சில முதியோர் நெஞ்சில் இருக்கின்றது; அவர்களோ ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர்.

தோட்டத்தைப் பற்றிய எழுத்து இல்லாமற் போகவில்லை. கம்பெனிகள் கணக்கு எழுதின; துரைமார் தம் ஊருக்குக் கடிதம் எழுதினர்; அரசாங்கத் தொழில் இலாகா ஆண்டறிக்கை வெளியிட்டது. அவற்றில் எத்தனை பேர் கப்பலில் வந்தனர், எத்தனை பேர் திரும்பினர், நாட்கூலி எத்தனை காசு, ஏக்கருக்கு எத்தனை இராத்தல் பால் என்பன காணப்படும். 1907இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதியின் கணக்கும் கிடைக்கும். 1938இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்திய உத்தரவும் கிடைக்கும். கூலிக்காரன் அங்கே ஓர் எண். அவன் மனைவி அதனினும் குறைந்த கூலியுள்ள மற்றோர் எண். அவன் என்ன நினைத்தான், எதற்கு நாணினான், எதற்கு அஞ்சினான் என்பதை எழுத அக்கணக்கேட்டில் பத்தி இல்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலை நிறுத்தம் செய்தனர். அரசாங்கம் நாதனை நாடு கடத்தியது. படையினர் சுட்டதில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். அவர்கள் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது. கள்ளுக்கடைகளை மூடுதல் இருந்தது. துரைமார் முன்னிலையில் சைக்கிளைவிட்டு இறங்காமல் செல்லும் உரிமையும் இருந்தது. கூலி எவ்வளவு என்பதைக் கம்பெனிக் கணக்கு நமக்குக் கூறும். துரையைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்கித் தலை குனிந்து நின்ற மனிதனின் நெஞ்சம் எவ்வாறு கொதித்தது என்பதைக் கூறுவது எது? அவன் தன் மகனுக்குச் சொல்லியிருந்தால் அந்த மகன் கூறுவான். மகன் யாரிடமும் சொல்லாமல் இறந்துவிட்டால் அதனோடு அது முடிந்தது.

இதனினும் பெரியதொரு சான்று சயாம் பர்மா இரயில் பாதை. ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த அப்பாதையின் நீளம் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர் அதில் வேலை செய்தனர். அவர்களுள் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். மலாயா, பர்மா, ஜாவா முதலிய நாடுகளிலிருந்து கொண்டு செல்லப்பட்ட ஆசியத் தொழிலாளர் தொகை அதனினும் பன்மடங்கு. அவர்களுள் 80,000 முதல் 1,00,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் ஆணையத்தின் மதிப்பீடு. மலாயாவிலிருந்து சென்றோரில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். காஞ்சனாபுரிக்குச் செல்வோர் அங்கே ஏறத்தாழ 7,000 போர்க் கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக, பெரும்பாலும் பெயரும் வயதும் பொறிக்கப்பட்டு, புல்வெளியில் விளங்கக் காண்பர். நம் மக்கள் எங்கே கிடக்கின்றனர்? காட்டிலும் ஆற்றங்கரையிலும், பெயரின்றி.

இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? கைதிகளுக்குப் பின்னால் ஓர் இராணுவம் இருந்தது. அதனிடம் பெயர்ப்பட்டியல் இருந்தது. அவர்களுள் பலர் எழுத்தறிந்தோராதலின் காவலர் கண்ணில் படாமல் நாட்குறிப்பு எழுதினர், படம் வரைந்தனர், மூங்கிலுள் மறைத்து மண்ணில் புதைத்து வைத்தனர். தமிழ்த் தொழிலாளிக்குப் பின்னால் அத்தகைய அமைப்பு எதுவும் இல்லை. உயிர் தப்பித் திரும்பியோர் கண்டதை வீட்டுத் திண்ணையில் கூறினர். சிலர் கூறவும் இயலாது வாளாவிருந்தனர். பல ஆண்டுகள் கழிந்த பின்னரே ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ முதலிய நாவல்கள் அத்துன்பத்தைத் தமிழில் நிலைநிறுத்தின. எழுத்தாளர் செய்த தொண்டு பெரிது. எனினும் ஒவ்வொரு குடும்பத்திலும் காணாமற்போன அந்த ஒருவரின் பெயரை நாவல் கூற இயலாது. அதனைக் குடும்பம்தான் கூற வேண்டும். அன்று இருபது வயதினராய்ச் சென்றோர் இன்று நூறு கடந்தவராவர். தந்தையை லாரியில் ஏற்றியதை வாசலில் நின்று கண்ட குழந்தைகளே இன்று தொண்ணூறை நெருங்குகின்றனர். எனவே காலம் மிகக் குறுகியது என்று நாம் கூறுவது வெறும் அலங்காரச் சொல் அன்று.

இங்கே ஒரு தடை எழுப்புவோர் உண்டு. “நாம் என்ன அரச பரம்பரையா, சரித்திரம் எழுதி வைக்க? பால் வெட்டிப் பிழைத்த கதையைப் பணம் கொடுத்துப் பதிவு செய்வது தற்பெருமையன்றோ?” என்பர். இத்தடையில் ஓர் உண்மை உண்டு. அதனை முதலில் ஒப்புக்கொள்வோம். குடும்ப வரலாறு என்ற பெயரால் நம் நாட்டில் நெடுங்காலம் நடந்தது குலப்பெருமை. இன்ன முனிவர் வழி வந்தோம், இன்ன மன்னனுக்குப் படைத்தலைவராயிருந்தோம் என்று கதை கட்டி, அக்கதையால் அடுத்த வீட்டானைத் தாழ்த்தினர். கடல் கடந்து வந்தும் அக்கொடுமை நீங்கவில்லை. லயத்திலும் மேல்வரிசை கீழ்வரிசை பார்த்தனர். 1929இல் பெரியார் மலாயா வந்து பேசியதும், 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ தொடங்கியதும் இவ்விழிவை எதிர்த்த போராட்டத்தின் பகுதிகளேயாம். இன்றோ சில வியாபாரிகள் பரம்பரை மரம் வரைந்து தருவதாகச் சொல்லிப் பழைய சாதிப் பட்டங்களைப் பொன்னெழுத்தில் அச்சிட்டு விற்கின்றனர். அத்தகைய நினைவுத் தொகுப்பு நமக்கு வேண்டவே வேண்டாம். அது நினைவைக் காப்பதன்று, நோயைக் காப்பது.

ஆனால் பால் வெட்டிய கதை தற்பெருமையாகாது. விடியுமுன் எத்தனை மணிக்கு எழுந்தாள், ஒரு நிரையில் எத்தனை மரம், ஆயாக்கொட்டகையில் விட்ட குழந்தைக்கு என்ன கொடுத்தனர், கிராணி எடையில் என்ன குறைத்தார், குடும்பத்தில் முதன்முதல் எழுதக் கற்றவர் யார், கள்ளை விட்டவர் யார், விட முடியாமல் அழிந்தவர் யார் என்ற விவரங்கள் எவரையும் தாழ்த்துவனவல்ல. இவை உழைத்தோர் தம் வாழ்வைத் தாமே கூறும் சாட்சி. அரசருக்கு மட்டுமே சரித்திரம் உண்டு என்ற எண்ணமே நம்மை அடிமையாக்கியவர்கள் நமக்குக் கற்பித்த பாடம். பிறர் நம்மை எண்ணாக எழுதிய பின், நாமும் நம்மை எழுதாமல் விட்டால், அவ்வெண்ணே நம் சரித்திரமாக நின்றுவிடும்.

மற்றொரு தடை இதனினும் நுட்பமானது. “தாயின் நினைவைக் கேட்பது மகனின் கடமை, அதனைக் கூலிக்கு ஆள் வைத்துச் செய்யலாமா?” என்பது அது. கேட்கும் கடமை பிள்ளையுடையதே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கூலியாளின் கையால் நடப்பதெல்லாம் அன்பற்றது என்று கூறுதல் பொருந்தாது. தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாதோர் ஊருக்குக் கடிதம் எழுத யாரிடம் சென்றனர் என்பதை நினைவு கூர்க. பள்ளி ஆசிரியரிடமோ, கிராணியிடமோ, எழுத்தறிந்த அயலாரிடமோ சென்று, கடனையும் நோயையும் மகள் திருமணத்தையும் அவர்முன் உட்கார்ந்து சொன்னார்கள். எழுதிய கை பிறருடையது; கடிதம் சொன்னவருடையது. எழுதியவர் நல்லவராயின் சொன்னதை எழுதினார். மறைபொருளை வெளியிடாமல் காத்தார். தீயவராயின் தம் விருப்பம்போல் கூட்டினார், குறைத்தார், கேட்டதைத் தோட்டமெங்கும் பரப்பினார். ஆகவே கூலி வாங்கினாரா இல்லையா என்பது கேள்வியன்று. சொன்னவருக்கு உண்மையாயிருந்தாரா என்பதே கேள்வி.

மேலும், தாய் சில செய்திகளை மகனிடம் சொல்லமாட்டாள். அவன் தந்தை அடித்ததையும், அவன் பிறந்த ஆண்டில் பட்டினி கிடந்ததையும் அவனிடம் சொன்னால் அவன் வருந்துவான் என்று அடக்கிக்கொள்வாள். பண்புடைய அயலாள் ஒருத்தி பொறுமையோடு கேட்டால் அவை வெளிப்படலாம். எனினும் மகன் உடனிருந்தால்தான் வரும் நினைவுகளும் உண்டு. அவன் குழந்தைப் பருவத்துக் குறும்புகளை அயலாள் கேட்கத் தெரியாள். 2003இல் நியூயார்க் நகரின் பெரிய இரயில் நிலையத்தில் ஒரு சிறு அறையை அமைத்துத் தொடங்கிய ‘ஸ்டோரிகோர்’ என்னும் நிலையம் இவ்விரண்டையும் இணைத்தது. அங்கே உறவினரும் நண்பரும் இருவராக அமர்ந்து ஏறத்தாழ நாற்பது நிமிடம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வர். நிலையத்தார் ஒலிக்கருவியைப் பார்த்துக்கொள்வர். இசைவு தருவோரின் பதிவு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் சேர்க்கப்படும். பணி பிறருடையதாயினும் கேள்வி வீட்டாருடையதாக இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

இனி, கடினமான இடத்திற்கு வருவோம். ஒரு மூதாட்டியைக் கருதுக. அவளுடைய தாயின் முதற் கணவன் சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பவில்லை. கைக்குழந்தையோடு பசியில் வாடிய அத்தாய், சில ஆண்டுகளுக்குப் பின் மற்றொருவருடன் இல்லறம் தொடங்கினாள். நம் மூதாட்டி அவ்விரண்டாம் இல்லறத்தில் பிறந்தவள். அவளுடைய அண்ணன் முதற் கணவனின் மகன். ஊருக்கு அஞ்சி இதனை மறைத்தே வளர்த்தனர். அண்ணனின் பிள்ளைகளுக்கு இன்றும் இது தெரியாது. மூதாட்டியின் மகன் ஒரு நிலையத்தை அமர்த்தி, “அம்மா, எல்லாவற்றையும் சொல்” என்கின்றான். அவள் சொல்லலாமா?

நம்மவருள் ஒரு சாரார், “மறுமணத்தில் இழிவு என்ன இருக்கின்றது? உரக்கச் சொல்லட்டும்” என்பர். மறுமணத்தில் இழிவில்லை என்பதே நம் கொள்கையும். அத்தாயைக் குறை கூறிய ஊரே குறையுடையது. ஆனால் அண்ணனின் பிறப்பு மூதாட்டிக்கு மட்டும் உரிய செய்தியன்று. அது அவருக்கும் அவர் மக்களுக்கும் உரியது. அவர்கள் அறியாமலே அதனை ஊரறியச் செய்வது, நம் கொள்கைக்குக் கொடிபிடிக்க அவர்கள் வாழ்வைக் கம்பாக்குவதாகும். மற்றொரு சாரார், “அழித்துவிடுக; குடும்ப மானம் பெரிது” என்பர். அழித்தால் அத்தாயைத் தூற்றிய ஊரின் தீர்ப்பை நாமே உறுதி செய்தவராவோம். சயாமில் மடிந்த அம்மனிதனுக்கு ஒரு மகன் இருந்தான் என்ற ஒரே சான்றும் ஒழியும். நம் அபிப்பிராயம் இது: அவள் சொல்லட்டும், பதிவாகட்டும், அண்ணன் உயிரோடிருப்பின் முதலில் அவர் கேட்கட்டும், அவர் இசையும் வரையிலோ, குறித்த ஆண்டுகள் கழியும் வரையிலோ அப்பகுதி பூட்டப்பட்டிருக்கட்டும். இது புதுமையன்று. 1979இல் சிங்கப்பூரில் நிறுவப்பட்ட வாய்மொழி வரலாற்று நிலையம் போன்ற பொது நிறுவனங்களில், தம் பதிவை யார் எப்போது கேட்கலாம் என்று பேசியவர் நிபந்தனை விதிக்க இடமுண்டு. தனியார் நிலையங்களிடமும் இவ்வுரிமையை நாம் கேட்டுப் பெறல் வேண்டும்.

இவ்வெடுத்துக்காட்டிலிருந்து ஒரு விதி பிறக்கின்றது. பேசியவர் உரிமை முதலாவது. பேச்சில் வருவோர் உரிமை இரண்டாவது. பணம் கொடுத்த பிள்ளையின் உரிமை மூன்றாவது. நிலையத்தாருக்குக் கூலி உண்டு, உரிமை இல்லை. பல நிலையங்கள் இதனைத் தலைகீழாக வைத்திருக்கின்றன. பணம் கொடுத்தவனை வாடிக்கையாளன் என்று கொண்டாடி, அவனுக்குப் பிடிக்காத பகுதிகளை வெட்டி இனிய இசை சேர்த்துத் தருகின்றன. கிழவர் சொன்னது எங்கோ மறைந்து, மகன் விரும்பிய தந்தை ஒருவர் உருவாகிவிடுகின்றார்.

இவ்விதியைக் கொண்டு நிலையங்களைச் சோதிக்குமாறு எங்ஙனம்? முதலாவது, மொழி. கேட்பவர்க்குத் தோட்டத் தமிழ் தெரிதல் வேண்டும். ‘மங்கு’ என்றால் பால் வடியும் கிண்ணம் என்றும், ‘ஒட்டுப்பால்’ என்றால் மரத்தில் உறைந்தது என்றும் அறியாதவர் அடுத்த கேள்வியைக் கேட்க அறியார். பொறியே எழுதித் தரும் என்று சிலர் விளம்பரம் செய்கின்றனர். பொறி ‘பெரட்டு’ என்பதைப் ‘புரட்டு’ என்று எழுதிவைத்தால், காலை அணிவகுப்பு ஓர் ஏமாற்றுக் கதையாகிவிடும். எனவே பொறி எழுதியதை அவ்வாழ்வை அறிந்த மனிதர் ஒருவர் குரலோடு ஒப்பிட்டுத் திருத்தல் வேண்டும். மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் கலந்த பேச்சைச் செந்தமிழாக்கித் தருவாரையும் விலக்குக. செந்தமிழ் நம் கட்டுரைக்கு அழகு. பாட்டியின் வாய்க்கு அவள் மொழியே உண்மை.

இரண்டாவது, மூலப் பதிவு. வெட்டித் தொகுத்த படத்தை மட்டும் தந்து மூலத்தைத் தாமே வைத்துக்கொள்வாரிடம் செல்லாதீர். சுருக்கப்படாத ஒலிக்கோப்பு, ஆவணக் காப்பகங்கள் கொள்ளும் தரத்தில், ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஏறத்தாழ அரை கிகாபைட் இடமே கொள்ளும். அதனைக் கொடுக்க மறுப்பதற்கு நியாயமான காரணம் எதுவுமில்லை. எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய பொது வடிவில் அது இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, நிலையம் மூடினால் என்னாகும்? என்றும் நிலைக்கும் என்று சொல்லாத கம்பெனி இல்லை. என்றும் நிலைத்த கம்பெனியும் இல்லை. ‘மைஸ்பேஸ்’ என்னும் பெரிய தளம், 2015க்கு முன் மக்கள் ஏற்றி வைத்த பாடல்கள் கோடிக்கணக்கில் அழிந்துவிட்டன என்று 2019இல் அறிவித்தது. உமிழ்நீரைக் கொண்டு முன்னோர் வழியைக் கூறி வந்த ‘23 அண்டு மீ’ என்னும் கம்பெனி 2025 மார்ச்சில் திவால் மனுக் கொடுத்தது. ஒன்றரைக் கோடி மக்களின் உடற்கூற்று விவரங்கள் விற்பனைக்குரிய சொத்துகளில் ஒன்றாயின. அவை யார் கைக்குச் செல்லும் என்பதை அம்மக்கள் தீர்மானிக்கவில்லை. ஏலமும் நீதிமன்றமும் தீர்மானித்தன. ஆகவே குறைந்தது மூன்று படி, இரு வேறு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில் என்ற காப்பாளர் வழக்கத்தை நாமும் மேற்கொள்வோம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் தீக்கிரையானபோது 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறு படி இல்லாதவை மீளவே இல்லை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் ஈழத்து எழுத்துகளைப் படியெடுத்துப் பரப்பி வருவது அத்தீ கற்பித்த பாடத்தை நன்குணர்ந்தே.

நான்காவது, பயன்பாடு. குரலையும் படத்தையும் விளம்பரத்திற்குப் பயன்படுத்துவாரா, பிறருக்கு விற்பாரா, பொறிகளுக்குப் பயிற்சி கொடுக்க அளிப்பாரா என்பதை எழுத்தில் பெறுக. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 முதல் நடைமுறையில் உள்ளது. கொடுத்த இசைவைத் திரும்பப் பெற அது வழி செய்கின்றது. ஆனால் சட்டம் உறங்குவோரை எழுப்பாது, கேட்பவர்க்கே உதவும். இறந்தவர் குரலைப் பொறியில் ஏற்றி, அவர் சொல்லாததையும் அவர் குரலில் சொல்ல வைக்கும் வித்தையும் இப்போது வந்துள்ளது. துயருற்றோர்க்கு அது ஆறுதலாகத் தோன்றலாம். எனினும் சாட்சி சொன்னவரின் வாயில் பிறர் சொல்லைத் திணிப்பது பொய்ச்சாட்சியே. அதனைக் குடும்பத்தார் விரும்பிச் செய்தாலும் பொய்ச்சாட்சியே.

நினைவு வெறும் உணர்ச்சிப் பொருள் என்று கருதுவோர், குடியுரிமைக்காக அலைந்த குடும்பங்களைக் கேட்டறிக. 1968ஆம் ஆண்டு வேலை கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை இல்லாதோர் அனுமதி பெற்றே வேலை செய்ய வேண்டியதாயிற்று. 1969ஐ ஒட்டி ஏறத்தாழ 60,000 இந்தியர் இந்தியா திரும்பினர். இருந்தோர் பலர் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை எய்தினர். 2011இல் அரசாங்கம் ‘மைடாஃப்தார்’ என்ற இயக்கம் நடத்தி ஆவணமற்றோரைப் பதிய வேண்டியிருந்தது. பிறப்பு எங்கே, எந்தத் தோட்டத்தில், எந்தப் பிரிவில், மருத்துவச்சி யார், எந்தப் பள்ளியில் பெயர் எழுதினர் என்று கேட்கும்போது விடை கூறத் தெரிந்தவர் ஒரு பாட்டி மட்டுமே என்ற நிலை பல வீடுகளில் உண்டு. ஒலிப்பதிவு பத்திரத்திற்கு ஈடாகாது. ஆனால் பத்திரம் எங்கே கிடக்கின்றது என்று வழி காட்டும். அப்பாட்டி வாய்மூடிய பின் பேரன் எந்த அலுவலகத்துக் கதவைத் தட்டுவான்?

இறுதியாக, பணமில்லாதோர் நிலை. நினைவைக் காப்பது விலைப்பொருளாயின், வசதி படைத்தோர் கதையே எஞ்சும். கங்காணி வீட்டில் நிழற்படம் உண்டு, பால்வெட்டி வீட்டில் இல்லை என்ற பழைய அநீதி புதிய கருவியால் மீண்டும் அரங்கேறும். இதற்கு வழி நம் வரலாற்றிலேயே உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல் வீ. தி. சம்பந்தனார் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். தனியே வாங்க இயலாததைச் சேர்ந்து வாங்கலாம் என்பதை அன்று நம் மக்கள் காட்டினர். நிலத்திற்குச் செய்ததை நினைவுக்கும் செய்யலாகாதா? ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவியை ஒரு சங்கமோ, பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் குழுவோ வாங்கலாம். நீலாய்க் கல்லூரிகளில் பயிலும் நம் இளைஞருக்குச் சில நாட்கள் பயிற்சி கொடுத்தால், அவர்கள் வீடு வீடாகச் சென்று கேட்பர். பெண்களிடம் பெண்களே செல்லட்டும். முடிந்த பதிவின் ஒரு படி வீட்டிலும், ஒரு படி சங்கத்திலும், பேசியவர் இசைந்தால் ஒரு படி 1957இல் நிறுவப்பட்ட தேசிய ஆவணக் காப்பகத்திலோ ஒரு பல்கலைக்கழக நூலகத்திலோ இருக்கட்டும். தனியார் நிலையத்தை அமர்த்த வல்லோர் அமர்த்துக. அமர்த்துவோர் அண்டை வீட்டு முதியவர் ஒருவருக்கும் சேர்த்துக் கட்டணம் கொடுப்பாராயின், அது எந்த நினைவு மண்டபத்தினும் சிறந்த அறமாகும்.

நிலையத்தைத் தேர்வதற்கு ஆறு மாதம் ஆராய்ந்துகொண்டிருப்பதும் தவறு. ஆராய்ச்சி நடக்கட்டும், அதற்கிடையில் கையிலுள்ள கைப்பேசியை மேசைமேல் வைத்து, இசைவு கேட்டு, ஒரு மணி நேரம் பேச வைக்க யாருடைய உதவியும் வேண்டா. கப்பலில் வந்தவர் பெயர், புறப்பட்ட ஊர், முதல் தோட்டம், சயாமுக்குச் சென்று திரும்பாதவர் பெயர் ஆகிய நான்கையும் முதலில் கேளுங்கள். பெயர் கிடைத்தால் மற்றவற்றைத் தேடலாம். நீலாய், லாபு, மந்தின், பாத்தாங் பெனார் வட்டாரச் சங்கத்தாரும் ஆசிரியரும் வாலிபரும் இவ்விஷயத்தில் காலந் தாழ்த்தாது ஆவன செய்வார்களாக.